சிவப்பு போன கண்

ஜீடிமெட்லா, ஹைதராபாத்
5.11.2024

அன்புள்ள எவா அக்காவுக்கு,

அப்பா இடது கண்ணை மூடிக்கொண்டு டி.வி. பார்க்கிறார். இதைத்தான் முதலில் கவனித்தேன். கேட்டால், "ஒண்ணும் இல்ல புஷ்பம், தூசி" என்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அம்மா கல்லறையைச் சுத்தம் செய்தோம். இந்த வருஷ மழையில் புல் இடுப்பு உயரம். அப்பா வேரோடு பிடுங்கும்போது மண்ணும் ஒரு காய்ந்த தண்டும் கண்ணில் அடித்தன. துண்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இப்போது கண் ரத்தமாகச் சிவந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாராம். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் கம்பெனி பஸ்ஸை ஓட்ட விடமாட்டார்களாம். "எவா ரெண்டு வருஷம் மெடிக்கல் ஷாப்புல இருந்தவ, அவளைக் கேளு" என்கிறார். நீ மடத்தில் சேர்ந்து நவதுறவியானதிலிருந்து உன் கையில் போன் கிடையாதே. அதனால் எழுதுகிறேன்.

உன் தங்கை,
புஷ்பம்

திண்டுக்கல்
9.11.2024

என் செல்லப் புஷ்பத்துக்கு,

நீ இத்தனை வரி எழுதியதே எனக்கு அதிசயம். நேரில் நாலு வார்த்தை பேச மாட்டாய்.

பயப்படாதே. என் பழைய கடையில் கிரி அண்ணனிடம் என் பெயரைச் சொல்லு. கண் சிவப்புக்கு நான் எல்லாருக்கும் கொடுப்பேனே, அந்த ஸ்டீராய்டு சொட்டு. டாக்டர் சீட்டு கேட்க மாட்டார். ஒரு நாளைக்கு நாலு தடவை. மூன்றே நாளில் கண் வெளுத்துவிடும். அப்பா முரண்டு பிடித்தாலும் நடுவில் நிறுத்தாதே.

இங்கே தினமும் வெண்டைக்காய். தை மாதம் துறவியாக என் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். அப்பா பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு வரவேண்டும் என்று இப்போதே சொல்லிவை.

அக்கா,
எவாஞ்சலின்

ஹைதராபாத்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சொட்டு வாங்கினேன். நீ சொன்னபடியே சிவப்பு போய்விட்டது, வலியும் குறைந்தது. அப்பா காலை ஷிஃப்ட் பஸ்ஸை எடுக்கிறார். "என் டாக்டரம்மா திண்டுக்கல்ல இருக்கா" என்று மற்ற டிரைவர்களிடம் பெருமை.

ஒன்று மட்டும். கருவிழியில் ஒரு சாம்பல் புள்ளி இருக்கிறது. அதன் ஓரம் இறகு மாதிரி பிரிந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு பொடிப் புள்ளிகள். நேற்றைவிட இன்று பெரிது. மருந்துக் கம்பெனி லேபில் நான் கழுவுகிற கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சை இப்படித்தான் பரவியிருக்கும். சொட்டை நிறுத்தவா? லேப் சுஷ்மா மேடத்திடம் கேட்கலாம். ஆனால் அவரிடம் நான் குட் மார்னிங் தவிர எதுவும் சொன்னதில்லை.

புஷ்பம்

திண்டுக்கல்
21.11.2024

அன்புத் தங்கைக்கு,

சிவப்பு போனால் குணம் என்று அர்த்தம். புள்ளி என்பது ஆறின காயத்தின் தழும்பு. நாள் பூராவும் தட்டு கழுவிக் கழுவி உனக்கு எல்லாமே பூஞ்சையாகத் தெரிகிறது, பைத்தியமே! நிறுத்தாதே.

அப்பாவுக்குக் குணமானதை மடத்துத் தலைவி மதரிடம் சொன்னேன். மருந்து அலமாரிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். தோட்டம் பார்க்கும் சிஸ்டர் கண்ணில் போன வாரம் தென்னங்கீற்று குத்திவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த என் பெட்டியில் அதே சொட்டு இருந்தது. நேற்றிலிருந்து விடுகிறேன். இப்போதே சிவப்பு குறைகிறது.

அக்கா,
எவாஞ்சலின்

ஹைதராபாத்
26.11.2024

அக்காவுக்கு,

இதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். "எவாவுக்குச் சொல்ல நக்கோ, வேணாம். வார்த்தைப்பாடு குடுக்கற நேரத்துல புள்ள மனசு ஒடஞ்சிரும்" என்றார். உன் கடிதம் இன்று காலை வந்தது. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு எழுதின மறுநாளே, போன வாரத் திங்கட்கிழமை, சுஷ்மா மேடத்திடம் கேட்டேன். சொட்டின் பெயரைச் சொன்னதும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். "பொண்ணே, தட்டு கிடக்கட்டும். அப்பாவைக் கூட்டிட்டு இப்பவே போ" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் புள்ளியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். கிளை பிரிந்த நூல்கள், நடுநடுவே குறுக்குக் கோடுகள். சுரண்டியதைத் தட்டில் வளர்த்துப் பார்த்து ஃபுசேரியம் என்று பெயர் சொன்னார்கள். எல்லா மண்ணிலும் இருக்கிற பூஞ்சைதான். செத்த வேரையும் இலையையும் தின்று கிடக்கும். சில செடிகளுக்குள் வேர்வழியாக ஏறி வாடவைக்கும். காயமில்லாத கண்ணை ஒன்றும் செய்யாது. கீறல் இருந்தால் அதில் இறங்கி நூல் விட்டு வளரும். கண் சிவப்பது உடம்பு அதோடு சண்டை போடுவதால். இந்தச் சொட்டு சண்டையை நிறுத்தியது, பூஞ்சையை நிறுத்தவில்லை. வெளியே கண் வெளுத்தது, உள்ளே அது வளர்ந்தது. நாலு தடவையும் தவறாமல் விட்டது நான்தான்.

இப்போது மணிக்கு ஒருமுறை வேறு மருந்து. புள்ளி பரவுவது நின்றுவிட்டது. தழும்பு போகாதாம். அந்தக் கண்ணுக்கு நேராக விரலை ஆட்டினால் அசைவு தெரிகிறது, எத்தனை விரல் என்று தெரியவில்லை. அப்பா இனி பஸ் ஓட்ட மாட்டார். ஷெட்டில் உட்கார்ந்து பஸ் போகும் நேரம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் உனக்கு வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அந்தச் சிஸ்டர் கண்ணில் இருபது தடவை சொட்டு விழுந்துவிடும். அதனால் உன் கடிதத் தாளின் தலைப்பில் இருந்த மடத்து நம்பருக்கு மத்தியானம் போன் செய்தேன். மதர்தான் எடுத்தார்கள். நான் யாரென்று சொல்லி, பாட்டிலைப் பார்த்து மருந்தின் பெயரைப் படித்தேன். சொட்டு விடுவதை நிறுத்தி, இன்றே கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன்.

"உங்க அப்பாவுக்கு இதுலதான் குணமாச்சுன்னு எவாஞ்சலின் சொன்னாளே?" என்று கேட்டார்கள்.

இல்லை மதர் என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

புஷ்பம்