கத்தாத கடை

ஆகஸ்ட் 12, செவ்வாய். கொட்டாஞ்சேனை.

பின்னேரம் கரண்ட் போனது. என் கேமிங் கடையில் கரண்ட் போனால், பாதி விளையாட்டில் நிற்கும் பொடியன்கள் தெருமுனை வரை கேட்கக் கத்துவார்கள். இன்று ஒருவரும் கத்தவில்லை. புதிதாகக் கிராபிக்ஸ் கார்ட் போட்ட கொம்பியூட்டர்களுக்கு முன்னால் ஆளே இல்லை. ஏசிக்காக வந்த இருவர் போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்குப் பிரச்சினை இல்ல அண்ணே, சார்ஜ் இருக்கு" என்றான் ஒருவன்.

இதைவிடப் பெரிய கார்ட் போட்டால் பொடியன்கள் திரும்பி வருவார்களா? அந்தக் கார்டில் ஓடும் விளையாட்டும் போனுக்குள் வந்துவிட்டால்?

மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறினேன். மனைவி ரீட்டா வீட்டு மின்பெட்டியின் ட்ரிப் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ கடையில சத்தமே கேக்கேல்ல. எங்கட வீட்டில மட்டும்தான் கரண்ட் போச்செண்டு நினைச்சன்" என்றாள்.