சீட்டில் எழுதிய பெயர்

அயோவா, ஜனவரி 2008

அன்பு மகள் மார்லிஸுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், என் கையாலேயேதான்! எழுபத்தொரு வயதில் நூலக வகுப்பில் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டு வரிக்குள் காப்பி ஆறிவிட்டது. ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

நீ நலமா? ஈராக்கிலிருந்து ஐந்து வாரமாக ஒன்றும் வரவில்லை. தெரியாத கார் நம் பாதையில் திரும்பினால், உன் பட்டாளத்திலிருந்து கெட்ட சேதியோ என்று மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்கிறேன். நேற்று வந்தவன் விதை விற்பவன். அவன் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் குடியரசுக் கட்சிக் கூட்டம் நடந்தது. உன் அண்ணன் டுவேன்தான் தலைவர். பக்கத்துப் பண்ணை வெர்லின் எழுந்து, ஈராக்கிலிருந்து படையைத் திருப்பி அழைக்கச் சொல்லித் தீர்மானம் போடவேண்டும் என்றான். உடனே பிடித்துக்கொண்டது சண்டை.

"அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு மேடைக்கு மேடை கத்தறீங்க. அடுத்தவன் நாட்டுல புதுசா ஒரு அரசாங்கம் கட்ட மட்டும் நம்ம வரி வேணுமாக்கும்?" என்றான் வெர்லின்.

"உனக்கென்னப்பா, உன் சோளக்காட்டு வேலியோட உலகம் முடிஞ்சுபோச்சு. நாம அங்க போகலன்னா அவன் இங்க வருவான்" என்றான் டுவேன்.

"வரட்டுமே! உன் பன்னிப் பண்ணை நாத்தத்துலயே ஓடிருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். டுவேன் சிரிக்கவில்லை. "என் தங்கச்சி அங்க இருக்கா. பாதியில கூப்பிட்டா அவ பட்டதெல்லாம் எதுக்குடா?" என்றான்.

வெர்லின் நூலக வரியையும் ஒழிக்கச் சொல்கிறவன். அந்த வரியில்தான் என் வகுப்பு நடக்கிறது. இருந்தும் அவன் பக்கம் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

வெற்றுச் சீட்டு கொடுத்தார்கள். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதவேண்டும். இத்தனை வருடம் என் சீட்டை டுவேன்தான் எழுதுவான். இம்முறை கையால் மறைத்துக்கொண்டு நானே எழுதினேன். பயத்தில் கை தனக்குப் பழகியதை எழுதிவிட்டதம்மா. உனக்கு டுவேன் எழுதித்தரும் கடிதங்களின் உறைமேல் நான் எழுதிப் பழகிய சொல். மடித்துப் போட்ட பிறகுதான் உறைத்தது.

டுவேன் உரக்கப் படித்தான். இல்லை. இல்லை. ஆம். இல்லை. ஒரு சீட்டில் நின்றுவிட்டான். உன் பெயரின் கடைசி எழுத்தை நான் இடவலம் மாற்றிப் போடுவது அவனுக்குத் தெரியும். "இது செல்லாது" என்றான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தீர்மானம் தோற்றது.

நான்கு நாள் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. இன்று காலை நம் தபால் பெட்டி அருகே அவன் வண்டி நின்றது. இறங்காமலே, "ஏதாச்சும் வந்துச்சாப்பா?" என்றான். "இல்லடா" என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஒரு வரி எழுது, மகளே. பெரிய எழுத்தாக எழுது. நானே படித்துக்கொள்வேன். யாரோ நம் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று எனக்குப் படித்துக் காட்டும்படி மட்டும் வைத்துவிடாதே.

கடவுள் உன்னை விட்டு அகலாதிருக்கட்டும்.

உன் அப்பா,
ஆர்லோ