மயக்க மருந்துக்கு முன் ஒரு கவளம் பொங்கல்

லகாட்,
3.9.1981

அன்பு மகன் சன்னாசிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், தங்கச்சி பாப்பா சுகம், நீ வாங்கிக் கொடுத்த கிடாகூடக் கொழுத்துச் சுகமாக இருக்கிறது. அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சிங்கப்பூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய், செய்ததைச் செய்துவிட்டு.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று உனக்குத் தெரியும், வெறும் வயிறாக இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீரும் கூடாது என்று நர்ஸ் மிஸ்ஸி கட்டிலிலேயே அட்டை மாட்டிவிட்டுப் போனாள். நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த நேரம் உன் செல்லாயி அத்தை நெய் ஒழுகும் பொங்கலோடு போய் அவருக்கு ஊட்டிவிட்டிருக்கிறாள். கேட்டால், சாமிச் சோறு சாப்பாட்டுல சேராதுலா அண்ணி, சன்னாசிதான் கோயில்ல பொங்கல் வச்சு ஒரு வாயாவது குடுத்து அனுப்பச் சொல்லி எழுதுனான் என்கிறாள். ஏன்டா, கப்பல் பட்டறையில் டாக்டர் வேலையும் கற்றுக் கொடுக்கிறார்களா?

மயக்கத்தில் அத்தனையும் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்சினார்களாம். தையல் நன்றாக இருக்கிறது, நெஞ்சில்தான் சளி கட்டிக் காய்ச்சல். யாழ்ப்பாணத்து டாக்டர் பஞ்சலிங்கம், இளம் ஆளெண்டா இருமித் துப்பிடும், வயசான நுரையீரல், சுருட்டும் குடிச்சது, இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது அம்மா என்றார். தையல் பிரிந்துவிடும் என்று இருமப் பயப்படுகிறார் உன் அப்பா. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்கிறார்கள். என்னை ஒரு நாள் அப்படி அணைத்ததில்லை அந்த மனுஷன், தலையணைக்கு வந்த யோகத்தைப் பார். அவர் சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் கண்டபடி கேலி பேசிக்கொண்டே இருக்கிறேன். வெளியே வந்துதான் அழுகிறேன்.

இதையும் கேள். யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டதற்கு, பசி தாங்காம நானே தின்னேன் என்று சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, சன்னாசிக்கு எழுதிராத புள்ள, பையன் மனசு ஒடஞ்சிரும் என்றார். எழுதிவிட்டேன். உடையட்டும்.

லீவு கேட்டு உடனே பஸ் ஏறு. விபூதி, அர்ச்சனைத் தட்டு, பழம் ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு வா. கோபம் கோபம்தான், ஆனாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தா காக்கட்டும். அப்பா கேட்டால் மட்டும், அம்மாவின் கடிதம் கிடைக்கவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்.

உன் அம்மா
நல்லம்மாள்