கேம்ப் அன்றைக்கு மட்டும் போடுகிற மாத்திரை

என் பிரியமான அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஃபர்னஸ் பக்கத்தில் உன் இடத்தில் இப்போது உன் சிநேகிதன் செல்வராஜ் நிற்கிறான். நான் அதே பேக்கிங் செக்‌ஷன்தான். ஸ்ரீராம்புரத்திலிருந்து போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட ஆளில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்குக் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப். அதற்கு ஃபர்னஸ் ஆட்கள் எப்படித் தயாராவார்கள் என்று உனக்கா சொல்ல வேண்டும்? நீதானே அவர்களுக்குத் தலைவன்! ஒரு வாரம் பீடி இல்லை, ஊறுகாய் இல்லை. கேம்ப் அன்றைக்குக் காலையில் வீட்டுப் பெரியவர் யாருடைய பிரஷர் மாத்திரையையாவது வாயில் போட்டுக்கொண்டு வந்து நிற்பது. பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அனலில் நிற்பதற்குத் தருகிற ஹீட் அலவன்ஸ் போய்விடும் என்று பயம். டாக்டர் ‘ஃபிட்’ என்றதும் கேட்டுக்கு வெளியே போண்டா, பீடி, சிரிப்பு. நீ கடைசி வருஷமும் பாஸ்தான் அண்ணா. அப்புறம் நெஞ்சு வலித்தபோது கேஸ் என்று சொல்லி சோடா குடித்தாய். ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்றாயே, யாருக்காக?

அழுது ஓய்ந்தபோது உன் மேல் கோபம்தான் மிச்சம் இருந்தது. அதோடு நேரே மேனேஜரிடம் போனேன். "பிரஷர் இருக்கிறவன வேற வேலைக்கு மாத்துங்க சார். சம்பளத்துல கை வைக்காதீங்க" என்றேன். நடையாய் நடந்தேன். யூனியன்காரர்களும் கூட வந்தார்கள். போன வாரம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், வேலை மாறினாலும் அலவன்ஸ் குறையாது என்று.

ஆனாலும் இன்று காலை செல்வராஜ் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தான். அந்தத் தடவல் எனக்குத் தெரியாதா?

"நோட்டீஸ எல்லாம் நம்பிக்கிட்டு... நீ சும்மா இரு அக்கா" என்றான்.

நான் வரிசையில் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிபி தும்பா ஜாஸ்தி இதே அம்மா" என்று கன்னடத்தில் சொன்னாள். ரொம்ப அதிகமாம். ஃபர்னஸ் பக்கமே போகாத எனக்கும்தான் அண்ணா. ராத்திரி ஷிஃப்டும் அரைத் தூக்கமும் யாரை விட்டது? ஷெட்டே கேட்கிற மாதிரி, "எனக்கு பிரஷர் இருக்கு. மாத்திரை எழுதிக் குடுங்க, தினமும் போடறேன்" என்றேன்.

செல்வராஜ் என்னையே பார்த்தான். பிறகு பையிலிருந்து மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தான்.

"எங்க மாமியாரோடது சிஸ்டர். இன்னும் போடல. இப்பவே பாருங்க."

அவனுக்கு என்னைவிட அதிகம். இரண்டு நாளாக நெஞ்சில் ஒரு பாரம் என்பதையும் அப்போதுதான் சொன்னான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

"கேஸ்தான் அக்கா" என்றான் ஆட்டோவில்.

"சோடா வாங்கித் தர மாட்டேன்" என்றேன்.

அட்மிட் செய்திருக்கிறார்கள். நேரத்துக்கு வந்துவிட்டானாம். வார்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவன் மாமியார் வீட்டில் மாத்திரையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாராம். நீ இருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்!

அண்ணா, ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி எங்கள் ஷெட்டில் ஒருத்தனையும் உன்னைப் போலப் பாஸாக விடமாட்டேன்.

பிரஷர் மாத்திரையைத் தினமும் போடப்போகிற
உன் தங்கச்சி,
மல்லிகா