ஆயிரத்து எண்பது கிராம்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 9.

அன்புள்ள ஃப்ளோரன்ஸுக்கு,

செங்கொடி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிலாஸ்பூரில் இந்நேரம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், தண்ணீர் நிறையக் குடி. கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குத் தபால் தலை வாங்க வரிசையில் நின்றாள் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

முதலில் வீட்டு விஷயம். நைனா இன்னும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றத்தான் போகிறார். முழங்காலில் வீக்கம். வேறு ஏதாவது வேலை பாருங்கள் என்றால் கோபம் வருகிறது. நான் விம்கோ நகரில் பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். நின்றுகொண்டே எட்டு மணி நேரம். பரவாயில்லை, கூட வேலை பார்க்கிற பெண்கள் நல்லவர்கள், பேசிக்கொண்டே பொழுது போய்விடுகிறது. உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. போன ஜூலையில் ரயில்வே வேலைக்கான கிரிக்கெட் செலக்‌ஷன் முடிந்த மறுநாளிலிருந்து நான் கிரவுண்டுக்கே போகவில்லை. வேலை அதிகம் என்று உன்னிடம் சொல்லிவந்தேன். வேலை ஒன்றும் அவ்வளவு அதிகமில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ராயபுரத்தில் பேட் செய்கிற ஞானதுரை அண்ணன் கடைக்குப் போனேன். கிளப்பில் நமக்கு வாங்கித் தந்த பேட்டில் என்னுடையது கட்டிலுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தது. நான் ஆடப் போவதில்லை, புதிதாக வருகிற யாருக்காவது ஆகட்டும், கைப்பிடி ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் யாருடைய பேட்டையோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதை வாங்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“இன்னாமா, இத்தயா நீ வச்சினு ஆட்ன?” என்றார்.

ஆமாம் என்றேன். எழுந்து போய்த் தராசில் வைத்தார். ஆயிரத்து இருநூற்று இருபது கிராம் காட்டியது.

“இது ஃப்ளோரன்ஸுக்கு குட்த்ததாச்சே. ஒனக்கு ஆயிரத்து எண்பதும்மா. ரெண்டுத்துலயும் பேர் எழுதி ஒட்டில்ல அனுப்ச்சேன்” என்றார்.

மாறிப் போயிருக்கும் அண்ணா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. உனக்காகப் பரிந்து பேசிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. “அது எப்டி மாறும்? ஒரு வாரம் கயிச்சி அந்தப் பொண்ணாண்ட கேட்டனே, செங்கொடிக்கு பேட்டு செட் ஆச்சான்னு. சூப்பரா செட் ஆய்ச்சிண்ணான்னு சொல்ச்சே” என்றார்.

ஃப்ளோரன்ஸ், அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. ஆனாலும் அவர் ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினார். அதையும் எழுதுகிறேன், நீ முன்பே கேட்டதுதான் என்றாலும். நான் குள்ளம். பின்னங்காலில் நின்று கட் அடிக்கிறவள், புல் அடிக்கிறவள், மணிக்கட்டை நம்பி ஆடுகிறவள். என் மாதிரி ஆட்டத்துக்கு பேட் சட்டென்று வந்து சேர வேண்டும். நூறு கிராம் கூடினாலும் பந்து போன பிறகுதான் பேட் வரும். நீ உயரம், தோளில் பலம் உள்ளவள், முன்னங்காலை நீட்டி டிரைவ் அடிக்கிறவள். உனக்கு எடை தாங்கும், எடையே பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். அவர் நெட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நம் இருவரையும் பார்த்துவிட்டு, மேல் கையால் மட்டும் பேட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பத்து எண்ணினாரே, நினைவிருக்கிறதா? ஏழாவது எண்ணில் என் மணிக்கட்டு தொய்ந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆயிரத்து எண்பது என்று முடிவு செய்திருக்கிறார்.

பேட்டுகள் தயாரான நாளில் எனக்கு டைபாய்டு விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நீதான் போய் இரண்டையும் வாங்கிவந்தாய். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அதை என் கையில் கொடுத்து நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “ஞானதுரை அண்ணன் ஒனக்குன்னே எட்த்து வச்சிருந்தாருடி. சும்மா தொட்டாலே பால் பறக்கும்னாரு.” தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்றேன். “ஜொரம் வந்த கை, வீக்கா கீது. ரெண்டு நாள்ல பயகிடும்” என்றாய். பேர் ஒட்டிய தாளை எங்கே கிழித்துப் போட்டாய்? கடை வாசலிலேயா, இல்லை எங்கள் தெருமுனைக்கு வந்த பிறகா? கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். எந்த இடத்தில் முடிவு செய்தாய்?

நானே நேரில் போய் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். ராயபுரம் என்ன, ரயில் ஏறினால் பத்து நிமிஷம். நீ சொன்ன பிறகு எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு நைனாவும் பேட்டைத் தூக்கிப் பார்த்தார். “இது ஒனக்கு ஓவர் வெயிட்டும்மா” என்றார். முப்பது வருஷமாகக் கனம் தூக்குகிற மனிதர். “ஒனக்கு இரும்புதான் நைனா தெரியும், இதெல்லாம் வேற” என்று நான் எடுத்தெறிந்து பேசினேன். பக்கத்தில் நின்றுகொண்டு நீ சிரித்தாய். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அதற்குப் பிறகு செலக்‌ஷனுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். நெட்டில் தினமும் பந்து என்னைத் தாண்டிப் போனது. “இன்னா செங்கொடி, பேட்டு லேட்டாவே வர்து” என்று கோச் பிரகாஷ் சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். “ஜொரத்துக்கு அப்பறம் அவ கை அப்டிதான் சார் ஆய்ச்சி.” எனக்காகப் பேசுகிறாய் என்று நினைத்து உன்னை நன்றியோடு பார்த்தேன். பேட்டைக் கீழே தள்ளிப் பிடித்தேன், ஸ்டான்ஸை மாற்றினேன், கட் அடிப்பதையே குறைத்தேன். வீட்டில் செங்கல்லைத் தூக்கி மணிக்கட்டுக்குப் பயிற்சி செய்தேன். பேட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

செலக்‌ஷனில் ஓப்பனிங் ஆட ஒருவர்தான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். முதல் மேட்சில் நான் அவுட்டான பந்து உனக்கு நினைவிருக்கும், எதிர்முனையில் நீதானே நின்றாய். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, குட்டையாக, இடுப்பு உயரத்துக்கு வந்த பந்து. எத்தனை தடவை அந்தப் பந்தை நான் பாயிண்டுக்குப் பக்கத்தில் பவுண்டரிக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறாய். அன்று பேட் வந்து சேர்வதற்குள் பந்து விளிம்பில் பட்டுக் கீப்பர் கைக்குப் போனது. ஆறு ரன். இரண்டாவது மேட்சில் புல் அடிக்கப் போய் கிளவுஸில் பட்டுக் கேட்ச். இரண்டு ரன்.

நீ நாற்பத்தொன்று அடித்து அவுட்டாகாமல் வந்தாய். அன்றைக்கே ஒன்று எனக்குப் புரியாமல் இருந்தது. உன் டிரைவ் எல்லாம் மிட் ஆஃபைத் தாண்டவில்லை. வழக்கமாகச் சுவரில் போய் மோதுகிற ஷாட், அன்று உருண்டு உருண்டு நின்றது. பதற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது புரிகிறது. உன் கையில் இருந்தது என் பேட். உனக்கு அது பொருந்தாது என்று தெரிந்தேதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். உனக்கு வேண்டும் என்று எடுத்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். எனக்குக் கிடைக்கக் கூடாது என்று எடுத்திருக்கிறாய்.

அன்று சாயங்காலம் ரயிலில் நீ என்னைக் கட்டிக்கொண்டாய். “அயாதடி, கை சரியாய்ட்டா அட்த்த வருசம் பாத்துக்கலாம்” என்றாய். உன் தோளில் சாய்ந்து திருவொற்றியூர் வரும்வரை அழுதேன். நீயும் அழுதாய். அது எதற்கு என்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த ரயில்வே வேலை எனக்குக் கிடைக்காமல் போனதைப் பற்றி நான் பெரிதாகப் பேசவில்லை. உன் அப்பா செல்வநாதன் மாமா போன பிறகு உங்கள் வீடு எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் இருந்த மனிதர் திடீரென்று இல்லாமல் போனார், நீ மூத்தவள், எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இதற்கு முன் எழுதிய தாளில் எழுதினேன். பொய்யாகப் பட்டது, கிழித்துவிட்டேன். விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த வேலை வேண்டும். நைனாவை மார்க்கெட்டிலிருந்து நிறுத்த வேண்டும். ஆனால் சரியான பேட்டை வைத்துக்கொண்டு இருவரும் ஆடியிருந்தால், நீ ஜெயித்திருந்தாலும் உன்னை நான் தூக்கிச் சுற்றியிருப்பேன். நீயே ஜெயித்திருக்கவும் கூடும். இனி அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தாங்காதது வேறு. எட்டு மாதம் நான் என் கையை வெறுத்தேன். மணிக்கட்டில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நம்பாமல் இன்னொருவரிடம் போனேன். கம்பெனியில் ஒரு டப்பா கை தவறி விழுந்தால்கூட, பார், கை போய்விட்டது என்று நினைப்பேன். பதினொரு வயதிலிருந்து ஒன்றாக ஆடினோம். ரன் எடுக்க நீ கூப்பிட்டால் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன். அப்படி ஓடியவளிடம் உன் கை வீக் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

அன்று ஞானதுரை அண்ணன் என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, மாடத்திலிருந்து ஒரு பழைய பேட்டை எடுத்தார். ஆயிரத்துத் தொண்ணூறு. “இத்த எட்த்துனு போ. ஆடிட்டு வந்து சொல்லு” என்றார். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் டீமோடு மேட்ச் இருந்தது. உடம்பு கனத்துவிட்டது, ஓடினால் மூச்சு வாங்கியது. நான்காவது ஓவரில் ஒரு குட்டைப் பந்து வெளியே வந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை போனது, பேட் போனது, பந்து பாயிண்டுக்கும் தேர்ட் மேனுக்கும் நடுவே கோட்டைத் தாண்டியிருந்தது. எதிர்முனையில் நின்ற பெண் ஓடிவந்து, “இன்னாக்கா, கண்ல இன்னா?” என்று கேட்டாள். தூசி என்றேன். முப்பத்தொரு ரன்தான் எடுத்தேன். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார் பிரகாஷ் சார்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம், நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான், அந்த பேட் எனக்குக் கனம் என்றேன். “அத்தான் அப்பவே சொன்னனே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளப்பிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே. உன்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேச, அதை நான் நின்று கேட்க வேண்டுமே, அதற்குத்தான் தெம்பில்லை.

நீ ஆயிரத்து எண்பதை இன்னும் வைத்திருந்தால் அனுப்ப வேண்டாம். உனக்கு ஏற்ற எடையில் ஒன்று வாங்கிக்கொள். அந்த பேட்டில் உன் டிரைவ் வீணாகிறது.

இன்னொன்று. உன் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இருபதாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று உன்னிடம் மறைத்திருக்கிறார், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், கட்டு அவிழ்க்கிறவரை தினமும் போய்ப் பார்த்துக்கொள்வேன். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக நடக்க நீ அங்கிருந்தே ஜெபம் செய்.

ஒவ்வொரு வாரமும் போனில், செங்கொடி எப்படி இருக்கிறாள், ஆடுகிறாளா என்று நீ அவரிடம் விசாரிக்கிறாயாம். பூரித்துப் போய் என்னிடம் வந்து சொல்கிறார். இனிமேல் அவரிடம் கேட்காதே, ஃப்ளோரன்ஸ். தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேள்.

இப்படிக்கு,
அ. செங்கொடி