கிணற்றடியில் விழுந்த பெண்கள்

சிவமயம்

சல்லி,
திருகோணமலை.
12.9.76, ஞாயிறு.

என் பேரன் யோகலிங்கத்துக்கு அம்மம்மா தெய்வானைப்பிள்ளை எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நான் நடமாடித் திரிகிறேன். நீயும் கொழும்பில் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் தலையைத் துடை, உனக்குச் சளி லேசில் விடாது.

இந்தக் கடிதத்தை நான் ஒருவரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துக் கோணினாலும் பொறுத்து வாசி. இங்கே உள்ள உபதபாற் கந்தோரிலும் போடப் போவதில்லை. அதை வைத்திருப்பவர் எங்கள் ஊர் விதானையார் தவராசாவின் மைத்துனர். உறையை ஆவியில் பிடித்துத் திறக்கிற ஆள் அவர். ஐம்பத்தெட்டில் எனக்கு வந்த கடிதத்தின் செய்தியை நான் வாசிக்க முந்தியே ஊர் கதைத்தது, நான் மறக்கவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் பட்டணம் போய்ப் பெரிய கந்தோரில் என் கையாலேயே போடுவேன்.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. உங்கள் கந்தோரில் நாடு முழுக்கக் காயக் கணக்கு எடுக்கிறீர்களாம். எந்த ஊரில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் எரிந்தார்கள், எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று எழுதி, ஐந்து வருசத்துக்கு முந்திய கணக்கோடு ஒத்துப் பார்க்கிறீர்களாம். எங்கள் பகுதியில் பெண்கள் அடிவாங்குவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். சல்லியில் ஒன்றுமே இல்லையாம். நாடு முன்னேறுகிறது என்று எழுதியிருந்தாய். உன் பெரிய துரை உன்னைப் பாராட்டினார் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குச் சந்தோசம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

அந்த ஒன்றுமில்லை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, உங்கள் ஆள் ஒருவர் தோற்பையோடு வந்தார். தனியாக வரவில்லை. விதானையார் தவராசாதான் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு வந்தார். முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு இருவரும் இருந்தார்கள். உன் மச்சான் கதிரவேல் சோடா உடைத்துக் கொடுத்தான். பிறகு உன் தங்கச்சி புஸ்பராணியைக் கூப்பிட்டு, புருசனும் விதானையாரும் பார்த்துக்கொண்டிருக்க, போன வருசம் உனக்கு என்ன காயம் வந்தது என்று கேட்டார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கிணற்றடியில் விழுந்தனான் என்றாள். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு. ஏழு வீட்டுப் பெண்களும் அன்றைக்குக் கிணற்றடியில் விழுந்தார்கள். அடுத்த வீட்டுத் தங்கரத்தினத்தின் புருசனுக்கு டைனமைற் போட்டு மீன் பிடிக்கப் போய் மூன்று விரல் இல்லை. அவரும் விழுந்ததாகத்தான் சொன்னார். பொலிசுக்குப் பேர் போகும் என்ற பயம். நான் மட்டும் என்ன, கூப்பன் அரிசியை வெட்டத்தான் இந்தக் கணக்கு என்று நினைத்து, எனக்கு இந்த வயதில் ஒரு நகம்கூடக் கிழியவில்லை என்று சொன்னனான்.

இதில் சிரிப்புக்கும் ஒன்று இருக்கிறது. சல்லியில் ஆட்கள் கண்டபடி விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கிணற்றடிகளைச் சொரசொரப்பாகப் பூசச் சொல்லி மேலிடத்திலிருந்து கடுதாசியும் எட்டுப் பை சீமெந்தும் வந்தன. தவராசா தன் வீட்டு விறாந்தைக்குப் பூசிவிட்டார். அதில் இப்போது ஒருவரும் வழுக்கி விழுவதில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டு நாளாகக் கடுதாசியை மடித்து மடித்து வைத்தனான்.

போன மாதம் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, பாலையூற்றில் இருந்து இரத்தினேஸ்வரி என்று ஒரு பிள்ளை வந்தாள். பத்து வீட்டுக்கு ஒரு வீடு திரும்பவும் பார்க்கச் சொல்லி உங்கள் கந்தோர்தான் அனுப்பியதாம். விதானையார் இல்லை, தனியே வந்தாள். கதிரவேல் துறைமுகத்தில் வேலையில் நின்றான். ஆனால் அவள் வருகிற வழியில் தவராசா வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்ததை நான் வேலிக்குள்ளால் கண்டேன். அதோடு எனக்கு எல்லாம் முடிந்தது. இவள் அவர்களுடைய ஆள், வாயைக் கிண்ட அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆருடைய மகள், தாயின் ஊர் எது, தவராசாவுக்கு என்ன முறை என்று கேட்டுத் துளைத்தேன். அவள் கோபிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கதிரை வேண்டாம் என்று நேரே குசினிக்குள் போய்ப் புஸ்பராணிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். இருந்து பயற்றங்காய் முறித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் விலைவாசி கதைத்தாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"அக்கா, உங்களை ஆரும் அடிக்கிறவையோ?"

புஸ்பராணி கத்தியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். ராசா, நான் என் கண்ணால் பார்த்தனான், அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் நின்ற நான் முந்திக்கொண்டேன்.

"கிணத்தடி வழுக்கிப்போட்டுது பிள்ளை. எங்கட வீட்டில கை நீட்டுற பழக்கம் இல்லை."

அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. புஸ்பராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். உன் தங்கச்சி கத்தியை எடுத்துத் திரும்பவும் காய் வெட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை பேனையைத் திறந்தாள். விழுந்ததுக்கு நாலு, அடிபட்டதுக்கு ஒன்பது என்று அந்தத் தாளில் இலக்கம் இருக்கிறது. அவள் நாலு போட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், மரியாதையான பிள்ளை. தவராசாவுக்கு அவள் ஒரு முறையும் இல்லை என்று பிறகுதான் விசாரித்து அறிந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் குடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் அவள் எங்கள் குசினிக்குள் வெகுநேரம் இருந்ததைத் தவராசா கண்டிருக்கிறார். அதைக் கதிரவேலின் காதில் போட்டிருக்கிறார். ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது புஸ்பராணி அடுப்படியில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கை கைபோல இல்லை.

முறிவுக்கு நாங்கள் போவது இறக்கக்கண்டி கலீலுர் றஹ்மான் வைத்தியரிடம் என்பது உனக்குத் தெரியும். அவருடைய மனிசி நஜ்முன் நிஸாவோடு எனக்குப் பன்னிரண்டு வருசம் கதை இல்லை என்பதும் தெரியும். அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளிக்குள் நான் அவள் கதவைத் தட்ட, அவள் திறக்கவில்லை. காற்று இரைச்சலில் கேட்கவில்லையாம். நான் மூன்று தரம் தட்டினனான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த நாள் விடிய நான் உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அதே வாசலில் போய் நின்றேன். நஜ்முன் நிஸா ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். உன் தங்கச்சியைத் தங்கள் வீட்டிலேயே வைத்து, இன்றுவரை தன் கையால் பிசைந்து ஊட்டுகிறாள்.

வைத்தியர் கையைத் தடவிப் பார்த்தார். நான் வழமையான கதையைத் தொடங்கினேன், கிணற்றடி என்று. அவர் என்னை முடிக்க விடவில்லை.

"ஆச்சி, விழுற ஆள் கையை ஊண்டும். அப்ப மணிக்கட்டிலதான் முறியும். இது நடுவில முறிஞ்சிருக்கு. முகத்தில அடி விழாமல் மறிச்ச கைதான் இப்பிடி முறியும்."

இந்த வருசம் இப்படி முறிந்த பதினொரு கைக்குக் கட்டுப் போட்டாராம், அதில் நாலு கை சல்லிக் கை. அவர் எழுதி வைக்கிறவர் இல்லை, ஆனால் கட்டின கையை மறக்கிறவரும் இல்லை. உங்கள் கந்தோரிலிருந்து ஒருவராவது அவரிடம் போய்க் கேட்டீர்களா? உன் துரையிடம் இதை விசாரி.

அன்று மத்தியானம் மருந்துப் பத்து வைத்துக் கட்டிய பிறகு புஸ்பராணி வாய் திறந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னனி எண்டு கேட்டுத்தான் அடிச்சவர். நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டன். அவர் நம்பேல்லை, அம்மம்மா."

சொல்லாத சொல்லுக்கு அவள் அடி வாங்கினாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து பறித்தவள் நான்.

உனக்கும் ஒரு வார்த்தை. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இதென்ன என்று கேட்டாய். கிணற்றடி என்றாள். நீ ஓம் என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரவேலோடு கடற்கரைக்குப் போய்விட்டாய். அவன் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் நீ. அதனால்தான் நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை என்று நான் நினைக்கிறேன். கறுத்த கண்ணை நேரே பார்த்தவனுக்கே தெரியாதது, கொழும்பில் தாளைப் புரட்டினால் தெரியுமா? இந்தக் கடிதத்தைக்கூட நீ அவனுக்குக் காட்டுவாயோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அப்படி இருந்தும் எழுதுகிறேன், எனக்கு வேறு ஆள் இல்லை.

இப்போது வந்திருக்கிற விசயம் இது. கதிரவேலுக்குப் புல்மோட்டையில் மணல் அள்ளுகிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்றாவது கட்டு அவிழ்ப்பது இந்த மாதம் இருபத்து நாலாம் திகதி, வெள்ளிக்கிழமை. அவிழ்த்த கையோடு அவளை இறக்கக்கண்டியிலிருந்தே நேரே புல்மோட்டைக்குக் கொண்டுபோகப் போகிறானாம். சாமான் ஏற்ற லொறிக்குச் சொல்லியாயிற்று. வியாழக்கிழமைதான் என்னிடம் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்கிறது வழக்கம். அது ஏன் என்று முந்தி நான் யோசித்ததில்லை, இப்போது விளங்குகிறது. இந்த வீட்டு உறுதி புஸ்பராணியின் பேரில் இருக்கிறது. உங்கள் தாய் கண்ணை மூடிய பிறகு உங்கள் இருவரையும் கையில் பிடித்து வளர்த்த வீடு. அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் சாய்ப்பு இறக்கின பத்தியில் ஒதுங்கினேன். இடையில் ஒரு மண்சுவர்தான். அவன் குரல் உயர்ந்தால் நான் இந்தப் பக்கத்தில் நின்று இருமுவேன். அவன் நிறுத்துவான். அஞ்சு வருசமாக நான் செய்தது அவ்வளவுதான், இருமினேன். அந்தத் திங்கட்கிழமை இரும நான் இருக்கவில்லை. புல்மோட்டையில் ஒருநாளும் இருக்க மாட்டேன்.

போக விருப்பமோ என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என் முகத்துக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்லுவாள். அப்படி அவளைப் பழக்கியதும் நான்தான்.

ஆகையால் இரண்டு காரியம் கேட்கிறேன். அந்தப் பாலையூற்றுப் பிள்ளை எழுதிய தாள் உன் மேசைக்கு வரும். நாற்பத்தோராம் இலக்க வீடு. அதில் உள்ள நாலை வெட்டி ஒன்பது போடு. உன் கையால் வெட்டச் சட்டம் இல்லை என்றால் இந்தக் கடிதத்தை அதோடு குத்தி உன் துரையிடம் கொடு. பொய் சொன்னது அந்த வீட்டுக் கிழவி தெய்வானைப்பிள்ளை, தன் கையால் எழுதி ஒப்புக்கொள்கிறாள் என்று சொல். வழக்கு வைத்தால் வைக்கட்டும்.

மற்றது, நீ இருபத்து நாலாம் திகதிக்கு முன்னம் வா. வீட்டுக்கு வராதே, மச்சானுக்கும் அறிவிக்காதே. நேரே இறக்கக்கண்டிக்குப் போ. பதில் எழுதுவதென்றாலும் வைத்தியரின் விலாசத்துக்கு எழுது. அங்கே புஸ்பராணியோடு தனிய இருந்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். அவள் முதலில் கிணற்றடி என்றுதான் சொல்லுவாள். எழும்பிவிடாதே. திரும்பக் கேள். அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, பஸ்ஸுக்கு நேரம் பார்க்காதே. நான் அந்த வளவுக்குள் காலடி வைக்க மாட்டேன். கடற்கரைப் பக்கம் போய் நிற்பேன். அவள் என்ன சொன்னாலும், என்னைப் பற்றி என்ன சொன்னாலும், அதையே நாங்கள் செய்வோம்.

முத்துமாரி உன்னை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எண்ணிக்கொண்டு இருக்கும்,
அம்மம்மா,
க. தெய்வானைப்பிள்ளை.