உச்சந்தலையில் ஒன்று

பேசாலை
02.06.2025

இன்னும் கோபத்திலிருக்கும் றொசானா அக்காவுக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன்.

சுவேதினி முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு நீங்கள் வரத்தான் வேண்டும். என் பிள்ளைக்கு ஞானத்தாய் நீங்கள்தானே. ஆனால் பூசை முடிந்ததும் ஊரே வரிசையாக வந்து பிள்ளையை முத்தமிட்டுக் கொஞ்சுகிற வழக்கம் இம்முறை கிடையாது. தடிமன், இருமல் உள்ளவர்கள் படலைக்குள் வரவும் கூடாது. இவ்வளவுதான் சொன்னேன். அதற்கு, "நான் என்ன கிருமியோடி?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள்.

போன வருடம் நிமோனியாவில் அவளை இழக்கப் பார்த்தோம். எனக்குப் பயம், அக்கா.

தங்கை
ஜெனுஷா

பாரிஸ்
15.06.2025

அன்புத் தங்கைக்கு,

பாதிக் கோபம் ஆறிவிட்டது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளை நோஞ்சானென்றால் நண்டு ரசமும் ஒடியல் கூழும் கொடு. நானும் விற்றமின் குளிசைகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஞானஸ்நானத்தன்று கையில் ஏந்திய பிள்ளையை அதன்பிறகு போனில்தான் பார்க்கிறேன். ஒருதடவை கொஞ்சவும் விடமாட்டாயா?

அக்கா
றொசானா

பேசாலை
28.06.2025

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நண்டில் அவள் ஓட்டை மட்டும்தான் மிச்சம் வைக்கிறாள். குறை சாப்பாட்டில் இல்லை.

நிர்ப்பீடனம், அதுதான் நோயெதிர்ப்புச் சக்தி, என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தோமே. நீங்கள் அன்று ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கிருமி உள்ளே வந்தால், வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை அதைப் பிடிக்கவென்றே பிறபொருளெதிரிகளைச் செய்யும். அதே கிருமி மறுபடி வந்தால் அடையாளமும் கண்டுகொள்ளும். இவளுடைய உடம்பு பிறவியிலேயே அவற்றைப் போதியளவு செய்வதில்லை. இது எவருக்கும் தொற்றாது.

அதனால் மாதாமாதம் கொழும்புக்குக் கொண்டுபோய் சேலைன் போல ஏற்றுகிறோம். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகள் அவை. "அம்மா, எனக்குள்ள இப்ப எத்தினை பேர் நிக்கினம்?" என்று கேட்கிறாள். ஏற்றிக்கொண்டு வந்த மறுநாளே வேலியில் ஏறி நிற்கிறாள். ஆனாலும் மற்றவர்களின் சாதாரணத் தடிமன் இவளுடைய நெஞ்சுக்குள் இறங்கிவிடலாம்.

சரி, உங்களுக்கு மட்டும் விட்டுத்தருகிறேன். தடிமன் இல்லாவிட்டால், கையைக் கழுவிவிட்டு, உச்சந்தலையில் ஒன்று.

ஜெனுஷா

மன்னார்
10.08.2025

அன்பு ஜெனுஷாவுக்கு,

காலையில் நான் உன் வீட்டுக்கு வராததற்குத் திட்டியிருப்பாய். விமானத்தில் பக்கத்திலிருந்தவர் தும்மிக்கொண்டே வந்தார். இன்று எழும்பும்போது எனக்குத் தொண்டை கரகரத்தது. கொஞ்சம்தான். ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குளிசையைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு உன் பயம் நினைவுக்கு வந்தது.

கோயிலுக்குள் வராமல், வெளியே மாதா சுரூபம் இருக்கும் கெபியடியில் மாஸ்க்கோடு தனியே நின்று பூசை கண்டேன். வெள்ளைச் சட்டையில் அவள் வெளியே வந்தபோது கால் தானாக முன்னால் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். உன் பக்கத்துவீட்டு மாக்கிறட் அக்கா தூரத்தில் நின்று, "ஏன் பிள்ளை, உள்ளுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டா. "இண்டைக்கு நான்தான் அக்கா கிருமி" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பாரிஸுக்குத் திரும்பும் பயணச்சீட்டைப் பின்போட்டுவிட்டேன். தடிமன் முழுக்கப் போன பிறகுதான் உன் படலையைத் திறப்பேன்.

பாரிஸில் போன மாதம் பிளாஸ்மா கொடுத்தேன். அது சுவேதினிக்கு வராது. ஆனாலும் அவளிடம் சொல்லு: ஆரோ ஒரு பிள்ளைக்குள்ளே பெரியம்மாவும் நிற்கப்போகிறா.

இதை வாசித்ததும் கையைக் கழுவு.

அக்கா
றொசானா